முத்திரை மரக்காலும் 9.8-ம்

1

1808-ஆம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் ஒரு தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரை டன் எடை. லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தது. ஏற்றச் சொன்னவர் வில்லியம் லாம்ப்டன். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கக் கிளம்பியவர். மலை இருக்கிற ஊரில் கருவியை மலை உச்சியில் வைத்துவிடலாம். காவிரிப் படுகையில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும்தான். அதனால் இங்கே கோபுரங்கள்தான் அவருக்கு மலைகள்.

கயிறு அறுந்தது. கருவி விமானச் சுவரில் போய் மோதியது. கோணங்கள் குறிக்கப்பட்ட பெரிய வட்டம் நெளிந்துபோனது.

வேறு யாராக இருந்தாலும் வேலை முடிந்தது என்று மூட்டை கட்டியிருப்பார்கள். லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு பெரிய பலகையில் அந்த வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து நெளிந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்தப் பலகை வட்டத்துக்குள் பொருத்தினார். வளைந்த ஆரங்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரம். கருவி ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கு வந்தது, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உழைத்தது.

இந்தக் கதையில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்தான் எனக்கு முக்கியம். அடிபட்ட கருவி இனி எங்கே எவ்வளவு பிசகும் என்று அதை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அதைக் கொண்டு அளக்கலாம். தெரியாவிட்டால் பளபளவென்று இருக்கிற புதுக் கருவிகூடப் பொய்தான் சொல்லும்.

பள்ளிக்கூட மொழியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: அறிவியல் செயல்முறைத் திறன்கள். உற்றுப் பார்ப்பது, வகைப்படுத்துவது, அளப்பது, பதிவுசெய்வது, ஊகிப்பது, முன்கூட்டிச் சொல்வது, ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துச் சோதிப்பது. பி.எட். படித்தவர்களுக்கு மனப்பாடமான பட்டியல். அமெரிக்காவிலிருந்து வந்த பட்டியல்தான். ஆனால் இந்தத் திறன்களுக்குத் தஞ்சாவூரில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இவ்வளவு அளந்து பழகிய ஊரின் பள்ளி ஆய்வகத்தில் ஏன் யாரும் எதையும் உண்மையில் அளப்பதில்லை என்ற கேள்விக்கும் ஒரு பதில் கிடைக்கிறது.

2

லாம்ப்டனின் கருவி மோதிய அதே கோயிலின் கல்வெட்டுகளில் ஓர் அளவையின் பெயர் திரும்பத் திரும்ப வரும். ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால். ஆடவல்லான் என்றால் நடராசர். ராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு வரவேண்டிய நெல்லுக்கு இதுதான் அளவை. இது ராஜகேசரி என்ற அளவையோடு ஒத்தது என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எதில் அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் எவ்வளவு என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தராதர அளவு பற்றிய முதல் பாடம் அதுதான்.

பிற்காலத் திண்ணைப் பள்ளிகளில் இந்த அறிவு பிள்ளைகளின் வாய்க்கு வந்தது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று வாய்பாடுகள். நெல்லிலக்கம் இப்படிப் போகும்: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பின்னம் என்றால் முந்திரி வரை, அதாவது 320-ல் ஒரு பங்கு. அதையும் மறுபடி 320-ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. மணலில் விரலால் எழுதி, சத்தம் போட்டுச் சொல்லி, சட்டாம்பிள்ளை தலையில் குட்டி, இதெல்லாம் பத்து வயதுக்குள் ஏறிவிடும். களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது பங்கைக் காகிதம் இல்லாமல் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு நம்மில் எத்தனை பேரால் முடியும்?

1820-களில் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கு எடுத்தபோது 12,498 பள்ளிகள் இருந்தன. இந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நிறைய உண்டு. பெருமைப்படலாம், தப்பில்லை. கூடவே ரெண்டு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அந்தத் திண்ணைகளில் வயலில் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அடுத்தது, நெல்லிலக்கம் எட்டு நாழி ஒரு குறுணி என்று சொல்லித்தருமே தவிர, எதிரில் இருக்கிற குறுணி சரியான குறுணிதானா என்று கேட்கச் சொல்லித்தருவதில்லை. வாய்பாட்டில் எல்லா மரக்காலும் ஒரே மரக்கால். களத்தில் அப்படி இல்லை.

அதற்குப் பிறகு வருகிறேன். நடுவில் ஒரு ராஜா இருக்கிறார்.

3

இரண்டாம் சரபோஜி 1777-ல் பிறந்தவர். 1787-ல் துளஜா மன்னர் தத்தெடுத்தார். மன்னர் இறந்ததும் அரியணை அமர்சிங் கைக்குப் போனது. பையனைப் படிப்பு இல்லாமல், வெளிச்சம் இல்லாத அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மிஷனரி சுவார்ட்சு சென்னை அரசாங்கத்திடம் முறையிட்டார். கடைசியில் 1793-ல் பையன் சென்னைக்கு அனுப்பப்பட்டு, கெரிக்கே என்ற மிஷனரியிடம் படித்தான்.

சுவார்ட்சு, கெரிக்கே இருவருமே ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பள்ளி மரபிலிருந்து வந்தவர்கள். ஹாலேயில் அனாதை இல்லத்தோடு ஒரு பொருட்காட்சிக் கூடமும் இருந்தது. சங்கு, எலும்பு, கனிமம், கருவிகள். பிள்ளைகள் பொருளைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது அந்த மரபு. அந்த மரபு தரங்கம்பாடிக்கும் வந்திருந்தது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-ல் அங்கே வந்து இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்தார். ஜான் என்ற மிஷனரி பள்ளிக்கூடமும் நடத்தினார், கடற்கரையில் சங்கு சிப்பியும் சேர்த்தார்.

சரபோஜி 1798-ல் அரியணை ஏறினார். மறு ஆண்டே கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. கோட்டையும் பட்டமும்தான் மிச்சம். ஆள நாடில்லாத ராஜா என்ன செய்வார்? இவர் புத்தகம் வாங்கினார். கருவிகள் வாங்கினார். காற்றை உறிஞ்சும் பம்பு, மின் பொறி என்று அரண்மனைக்குள் ஓர் ஆய்வகமே வளர்ந்தது. 1826-ல் வந்த பிஷப் ஹீபர், லவாய்சியர், லின்னேயஸ், புஃபோன் பற்றியெல்லாம் ராஜா சரளமாகப் பேசுவதைக் கேட்டு வியந்தார். ராஜா பள்ளிகளும் நடத்தினார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தோடு சேர்த்து இலவசப் பள்ளி. மராத்தியில் ‘தேவேந்திர குறவஞ்சி’ என்று ஒரு நாடகமே எழுதினார். அதில் குறத்தி குறி சொல்வதோடு நிற்பதில்லை, உலகத்தின் பூகோளம் சொல்கிறாள். பாடப்புத்தகம் இப்படியும் இருக்கலாம் என்று யோசித்த மனிதர்.

இதெல்லாம்கூட ஒரு பணக்கார ரசிகரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். என்னால் அப்படி ஒதுக்க முடியாத ஒன்று, அவரது கண் சிகிச்சைக் குறிப்பேடுகள். தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. சுமார் ஐம்பது பேரின் விவரக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயாளி யார், என்ன உபாதை, என்ன செய்யப்பட்டது, அதன்பின் எப்படி இருந்தது. கூடவே அந்தக் கண்ணின் வண்ணப் படம். பொதுவாக ‘ஒரு கண்’ என்று வரைந்த படம் இல்லை. இந்த ஆளின், இந்த நாளின், இந்தக் கண்.

அதே நூலகத்தின் அருங்காட்சியகத்தில் வேறொரு படத்தொகுதி சுவரில் இருக்கும். நான் போகும்போதெல்லாம் கூட்டம் அங்கேதான் நிற்கும். பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ புருன் வரைந்தவை. மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆந்தை மாதிரி மனிதன், மாடு மாதிரி மனிதன் என்று. வேடிக்கையாக இருக்கும், கைவண்ணமும் அபாரம். ஆனால் அவற்றின் பின்னால் இருப்பது முகத்தை வைத்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. முடிவு முதலில் வந்துவிட்டது, கண் அதற்கு ஏற்ற மாதிரி பார்க்கிறது. கண் நோய்ப் படங்களில் கண் முதலில் பார்க்கிறது, முடிவு பிறகு வருகிறது. உற்றுநோக்கலுக்கும் ஊகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லித்தர வேண்டுமானால், இந்த ஒரே கட்டடம் போதும். சுற்றுலா வருகிற எத்தனை பள்ளிக்கூடங்கள் அதைச் செய்கின்றன என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடும்.

சரபோஜி 1832-ல் இறந்தார். 1855-ல் அவர் மகன் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டமும் போயிற்று. நூலகம் 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புத்தகங்கள் பிழைத்தன. பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் அரண்மனைக்கு வெளியே, ஊர்ப் பள்ளிகளுக்குள் பரவவில்லை. அரசனின் ஆர்வத்தில் முளைத்தது அரசனோடு வாடிவிட்டது.

4

இப்போது மரக்காலுக்கு வருவோம்.

தஞ்சை ஜில்லாவில் கூலி நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. பண்ணையாள் வேலை செய்வார், பண்ணையின் மரக்காலில் பண்ணையின் ஆள் அளந்து போடுவார். மரக்கால் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்பது கீழத்தஞ்சையில் பழமொழி மாதிரி எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கையைக் குழிவாக வைத்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதிலும் சூட்சுமம் உண்டு.

1943 முதல் பி. சீனிவாசராவும் தோழர்களும் இங்கே விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, சவுக்கடி கூடாது, சாணிப்பால் கொடுக்கக் கூடாது என்ற கோரிக்கைகளோடு ஒரு கோரிக்கை சேர்ந்து வந்தது. முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும். சர்க்கார் முத்திரை குத்திய, யார் அளந்தாலும் ஒரே அளவு காட்டுகிற மரக்கால்.

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாத மனிதர்கள், அளவைக் கருவியின் நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்கிறார்கள். இந்தக் கருவி பிசகு, வேறொரு தராதரக் கருவியோடு ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். ‘ஆடவல்லான் மரக்கால் ராஜகேசரியோடு ஒக்கும்’ என்று கல்லில் வெட்டியவனின் தர்க்கம்தான் இது. நெளிந்த வட்டத்தைப் பலகை வட்டத்தோடு பொருத்திப் பார்த்த லாம்ப்டனின் தர்க்கமும் இதுதான். திண்ணையில் நெல்லிலக்கம் ஒப்பித்த பையனுக்கு வராத கேள்வி, நெல்லை அறுத்தவருக்கு வந்தது. ஏன் என்றால் அளவு பிசகினால் அவர் வீட்டில்தான் உலை ஏறாது.

1952-ல் ராஜாஜி அரசாங்கம் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கூலித் தகராறு அத்தோடு தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அதற்கு முன் நடந்த சண்டையின் மையத்தில் அரைப்படி நெல் இருந்தது. செங்கொடியும் சாதியும் சங்கமும் சேர்ந்த பெரிய வரலாறு அது, அளவைக்குள் அடக்கிவிட முடியாது. ஆனாலும் இந்த மண்ணில் ‘அளத்தல்’ என்பதை வெறும் ஆய்வகத் திறன் என்று சொல்ல என் வாய் வராது. யார் அளக்கலாம், யார் அளவைச் சந்தேகிக்கலாம் என்பதற்காக இங்கே உயிர் போயிருக்கிறது.

5

இவ்வளவு வரலாறு உள்ள படுகையில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகம். தனி ஊசல் சோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் 9.8 வந்தது. ஒரே ஒருத்திக்கு 9.6.

“சார், எனக்கு 9.6 வருது.”

“9.8-ன்னு போட்டுட்டு வாம்மா. ரெக்கார்டு சைன் பண்ணணும், நேரமாகுது.”

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அறுபது பிள்ளைகள், நாலு ஊசல், ஒரு பீரியடு. செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர் விடையைத்தான் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். விடையை முதலில் எழுதி, அளவீடுகளைப் பின்னாலிருந்து முன்னால் போட்டுக்கொண்டு வருவது தமிழ்நாட்டில் ஒரு தனிக் கலை. சீனியரின் ரெக்கார்டு நோட்டு ஜூனியருக்கு வரும், ஜூனியருடையது அடுத்தவருக்கு. லெ புருனின் ஆந்தை மனிதர்கள் மாதிரி, முடிவு முதலில்.

ஆனால் அந்த 9.6-க்குள் என்ன இருந்தது? ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். கொக்கி வரை மட்டும் அளந்தால் ஒரு மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் குறையும். அப்படிக் குறைந்தால் விடை சரியாக 9.6 பக்கம்தான் வரும். அவளிடம் இன்னொரு அஞ்சு நிமிஷம் இருந்திருந்தால், நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், அந்த வகுப்பில் உண்மையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை, 9.8 என்பதே தஞ்சாவூருக்குத் துல்லியமான விடை இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. நடுக்கோட்டிலிருந்து 11 பாகை கூட வடக்கே வராத தஞ்சாவூரில் அது 9.78தான். ஒரு மீட்டர் நூலை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, நூறு அலைவுக்கு நேரம் பார்த்தால், பள்ளி ஊசலில்கூட ‘9.78, இரண்டு மூன்று நூறில் ஒரு பங்கு முன்னே பின்னே’ என்று எழுதலாம். அந்த முன்னே பின்னேக்குள் 9.80-ம் அடங்கும், அதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால் பெரிய கதை ஒன்று உண்டு. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். நடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே. பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதித்தது. கடிகாரம் கெட்டுப்போச்சு என்று விட்டிருக்கலாம். அவர் மாதக்கணக்கில் வாராவாரம் அளந்தார். ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கினால்தான் நேரம் சரியாகிறது என்று எழுதிவைத்தார். பலர் நம்பவில்லை. நியூட்டன் 1687-ல் தன் பிரின்சிபியாவில் இந்த அளவீட்டை எடுத்துக்கொண்டார்: பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ரிஷேயின் ரெக்கார்டு நோட்டில் யாராவது ‘பாரிஸ் விடையைப் போட்டுட்டு வா’ என்று சொல்லியிருந்தால்?

6

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கா பதறிப்போய்த் தன் அறிவியல் கல்வியைத் திருத்தத் தொடங்கியது. அறுபதுகளில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம், உளவியலாளர் ராபர்ட் காக்னேயின் சிந்தனையைக் கொண்டு, ஆரம்பப் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம் செய்தது. தகவலைச் சொல்லித்தராதே, விஞ்ஞானி செய்கிற செயல்களைப் பழக்கு என்பது அதன் கொள்கை. எட்டு அடிப்படைத் திறன்கள், ஐந்து ஒருங்கிணைந்த திறன்கள். நம் ஊர் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் உள்ள பட்டியலின் மூதாதை அதுதான்.

பட்டியல் வந்துவிட்டது. பட்டியலையும் மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்க முடியும் என்பதை நாம் நிரூபித்துவிட்டோம்.

பட்டியலைத் தாண்டிப் போன முயற்சி இந்தியாவில் ஒன்று நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. விடை சொல்லும் பாடநூல் கிடையாது. சோதனைக்கு வழிகாட்டும் புத்தகமும் ஒரு பெட்டிப் பொருட்களும் உண்டு. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் விடை புத்தகத்தில் இருக்காது. 1982-ல் இந்த வேலைக்காக ஏகலவ்யா அமைப்பு உருவானது. முப்பது ஆண்டு ஓடியது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் 1980-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியது. ‘துளிர்’ இதழ் வந்தது. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சின்னக் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே தரவு சேகரித்து ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். தினசரிப் பதிவேடு வைக்க வேண்டும். இங்கே ஒரு அதிசயம் நடக்கிறது. ஊர்க் குளத்தில் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்ற கேள்விக்கு ஆசிரியருக்கும் விடை தெரியாது. சீனியர் நோட்டிலும் இருக்காது. போய்ப் பார்த்துத்தான் ஆகணும்.

எனக்கு இதில் தெரிவது இதுதான். திண்ணையில் அளக்கும் திறன் இருந்தது, அளவையைக் கேள்வி கேட்கும் இடம் இல்லை. அரண்மனையில் கேள்வி இருந்தது, ஊர்ப் பிள்ளைகள் இல்லை. களத்தில் கேள்வியும் ஊரும் இருந்தன, பள்ளிக்கூடம் இல்லை. இன்றைய பள்ளியில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சமச்சீர்க் கல்வி வந்த பிறகு பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. ஆனால் விடை முன்கூட்டியே எல்லார் கையிலும் இருக்கிறது. விடை தெரிந்த கேள்விக்கு அளக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அளக்காது. புத்திசாலிப் பிள்ளை கட்டாயம் அளக்காது.

7

அப்படியானால் படுகையில் விடை தெரியாத கேள்விக்கு எங்கே போவது? தார்ச்சாலைக்குப் போகலாம்.

தை, மாசியில் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் சாலை நெடுக நெல் காய்ந்துகொண்டிருக்கும். அரசு கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பெய்த ஆண்டுகளில் தளர்வு கேட்டு மாநில அரசு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். கையடக்க மீட்டரில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டால் ஓர் எண் வரும். அந்த எண் 17-ஆ 19-ஆ என்பதில் ஒரு குடும்பத்தின் இன்னும் நாலு நாள், தார்ப்பாய் வாடகை, அடுத்த மழை பற்றிய பயம் எல்லாம் இருக்கிறது. “மேல எடுத்தா பதினாறு காட்டுது, அடியில எடுத்தா பத்தொன்பது. எதுதான் நெசம்?” என்று என் சித்தப்பா ஒரு முறை கேட்டார். மாதிரி எடுத்தல் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

பள்ளியில் தராசு இருக்கிறது. குவியலின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் நூறு நூறு கிராம் எடுக்கலாம். உலர வைத்து மறுபடி எடை போடலாம். குறைந்த எடைதான் ஈரம். ஆனால் வெயிலில் மட்டும் காயவைத்தால் நெல்லுக்குள் பன்னிரண்டு, பதினாலு சதவீதம் ஈரம் தங்கிவிடும். ஆகவே வெயில் விடையும் மீட்டர் விடையும் ஒத்துப்போகாது. அங்கேதான் பாடம் ஆரம்பிக்கும். மீட்டர் தப்பா, வெயில் போதவில்லையா, எதை மாற்றினால் தெரியும்? அடுப்பில் வறுக்காமல் சூடேற்றுவது எப்படி? ஒரே நெல்லை இரண்டு மீட்டரில் போட்டால்?

கணக்கும் இருக்கிறது. 20 சதவீத ஈரமுள்ள ஆயிரம் கிலோ நெல்லில் காய்ந்த நெல் 800 கிலோ. ஈரத்தை 17-க்குக் கொண்டுவந்தால் மொத்த எடை ஏறக்குறைய 964 கிலோ. 36 கிலோ குறைகிறது, கிட்டத்தட்ட 40 கிலோ சிப்பம் ஒன்று. போனது வெறும் தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீரை வெளியேற்றும் உழைப்பும் காத்திருப்பும் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டால், அவளுக்குச் செயல்முறைத் திறன் வந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். முத்திரை மரக்கால் கேட்டவர்களின் பேத்தியாகவும் அவள் இருக்கலாம்.

இது எதற்கும் புதிதாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்கு இரண்டு பீரியடு சேர்ந்தாற்போல் வேண்டும். தேர்வுக்கு வருகிறவர் விடையைப் பார்ப்பதற்கு முன் அளவீட்டைப் பார்க்க வேண்டும், அடித்துத் திருத்திய அளவீட்டுக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ‘எனக்கு இப்படித்தான் வந்தது, காரணம் இதுவாக இருக்கலாம்’ என்று எழுத நாலு வரி இடம் வேண்டும்.

ஒவ்வொரு தை மாதமும் படுகைப் பிள்ளைகள் சாலையில் காயும் நெல்லை மிதிக்காமல் சைக்கிளை ஓரமாக ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள், 9.8 எழுத. வழியில் நிறுத்தி ஒரு கைப்பிடி கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.